ஆகாயத்தாமரையை அள்ளினால் ஏரி தேறுமா?

கேள்வி இதுதான்: "மூன்று வருடத்துக்கு முன்னால் ஊரே வசூல் பண்ணி, ஜேசிபி வைத்து எங்கள் ஏரியில் இருந்த ஆகாயத்தாமரையை அள்ளினோம். ஆறு மாதம் தண்ணீர் தெரிந்தது. அப்புறம் பச்சைப் பெயிண்டைக் கரைத்து ஊற்றியது போல ஆனது. போன வருடம் ஒரு நாள் விடியற்காலையில் மீனெல்லாம் செத்து மிதந்தது. இப்போது பழையபடி தாமரை மூடிக்கொண்டது. நுண்ணுயிர்க் கரைசல் ஊற்றினால் சரியாகிவிடும் என்று ஒருவர் கொட்டேஷன் கொடுத்திருக்கிறார். அமெரிக்காவில் ஈரி ஏரி செத்துப் பிழைத்தது என்கிறார்களே, அவர்கள் என்னதான் செய்தார்கள்? நாங்கள் என்ன செய்வது?"

முதலில் உங்களுக்குப் பிடிக்காத பதிலைச் சொல்லிவிடுகிறேன். ஆகாயத்தாமரை உங்கள் ஏரியின் நோய் இல்லை. பந்தி விரித்து இலை போட்டிருக்கும் இடத்தில் வந்து உட்கார்ந்த விருந்தாளி அது. நீங்கள் விருந்தாளியை எழுப்பி விரட்டினீர்கள், பந்தி அப்படியே இருந்தது, அடுத்த வரிசையில் பாசி வந்து உட்கார்ந்தது. தாமரை மூடியிருந்தபோது வெயில் தண்ணீருக்குள் இறங்கவில்லை, அதனால் பாசிக்கு வேலை இல்லை. தாமரையை எடுத்ததும் வெயிலும் கிடைத்தது, சாப்பாடும் ஏற்கெனவே இருந்தது. ஆறு மாதம் கழித்துப் பச்சையாகாமல் இருந்திருந்தால்தான் ஆச்சரியப்பட்டிருப்பேன்.

அந்தச் சாப்பாடு என்ன என்பதுதான் விஷயம். செடிக்கோ பாசிக்கோ இருபது வகைச் சத்துக்கள் வேண்டும் என்றாலும், ஏரியில் பொதுவாகப் பற்றாக்குறையாக இருப்பது பாஸ்பரஸ்தான். கரியமில வாயு காற்றிலிருந்து வந்துகொண்டே இருக்கும். தழைச்சத்து என்று நம் விவசாயிகள் சொல்லும் நைட்ரஜனைச் சில நீலப்பச்சைப் பாசிகள் காற்றிலிருந்தே பிடித்துக்கொள்ளும். மணிச்சத்து என்கிற பாஸ்பரஸை மட்டும் எந்த உயிராலும் காற்றிலிருந்து எடுக்க முடியாது, காற்றில் அது இல்லவே இல்லை. பாறையிலிருந்து வர வேண்டும், அல்லது யாராவது கொண்டுவந்து கொட்ட வேண்டும். இயற்கையான ஒரு ஏரியில் பாறை கரைந்து வருவது சொட்டுச் சொட்டாகத்தான். நாம் கொட்டுவது அப்படி இல்லை.

எவ்வளவு கொட்டுகிறோம் என்று ஒரு கணக்குப் போடலாம். துல்லியமான கணக்கு இல்லை, ஆனால் எந்த அளவில் பேசுகிறோம் என்று புரிவதற்குப் போதும். ஒரு மனிதரின் உடலிலிருந்து ஒரு நாளைக்கு 1 முதல் 2 கிராம் வரை பாஸ்பரஸ் வெளியேறுகிறது, பெரும்பகுதி சிறுநீரில். நடுவில் 1.5 கிராம் என்று வைத்துக்கொண்டால், பத்தாயிரம் பேர் இருக்கிற ஊரிலிருந்து தினமும் 15 கிலோ. சோப்புத்தூளில் இருக்கும் பாஸ்பேட்டையும் மாட்டுத்தொழுவக் கழிவையும் இதில் சேர்க்கவே இல்லை. இப்போது மறுபக்கம்: ஒரு டன் பச்சை ஆகாயத்தாமரையை அள்ளினால், அதில் தொண்ணூற்றைந்து சதவீதம் தண்ணீர். காய்ந்தது 50 கிலோ மிஞ்சும், அதில் பாஸ்பரஸ் 200 கிராம் அளவுக்கு இருக்கும். அதாவது அந்தப் பத்தாயிரம் பேரின் சாக்கடை முழுக்க ஏரிக்கு வந்தால், ஒரு நாள் வரத்தை ஈடுகட்ட 75 டன் தாமரை அள்ள வேண்டும். தினமும். ஞாயிற்றுக்கிழமையும் சேர்த்து. உங்கள் ஊர் வசூலில் எத்தனை நாள் ஜேசிபி ஓடியது என்று நீங்களே யோசித்துப் பாருங்கள்.

சரி, மீன் ஏன் செத்தது? பெரும்பாலும் இதைப் பார்த்ததும் "எவனோ விஷம் கலந்துவிட்டான்" என்று புகார் போகும். சில சமயம் அது உண்மையாகவும் இருக்கும். ஆனால் விடியற்காலையில், எல்லா வகை மீனும், முக்கியமாகப் பெரிய மீன்கள் முதலில், வாயைப் பிளந்துகொண்டு மேலே வந்து செத்தன என்றால் முதலில் சந்தேகிக்க வேண்டியது பாசியைத்தான். பகலில் பாசி ஆக்சிஜனைத் தயாரிக்கிறது. பச்சை ஏரியில் மத்தியானம் மூன்று மணிக்கு அளந்தால் தண்ணீரில் ஆக்சிஜன் தேவைக்கு மேலேயே இருக்கும். அதை வைத்துக்கொண்டு "ஏரி நல்லா இருக்கு" என்று அறிக்கை எழுதியவர்களைப் பார்த்திருக்கிறேன். பொழுது சாய்ந்ததும் அதே பாசி ஆக்சிஜனைத் தின்ன ஆரம்பிக்கும், செத்த பாசியை மக்கவைக்கும் பாக்டீரியாவும் தின்னும், மீனும் தின்னும், இரவு முழுக்கச் செலவுதான், வரவு இல்லை. கணக்கு அடிமட்டத்துக்குப் போவது சூரியன் உதிப்பதற்குச் சற்று முன்னால். இரண்டு நாள் மூட்டமாக இருந்தால், அல்லது ஒரு மழை வந்து அடித்தண்ணீரைக் கலக்கிவிட்டால், பாக்கி பூஜ்யமாகிவிடும். மீனுக்கு அந்த அரை மணி நேரம் போதும்.

இதற்கும் ஒரு கணக்கு உண்டு. ஒரு கிலோ பாஸ்பரஸை வைத்து வளரக்கூடிய பாசி முழுவதும் செத்து மக்கினால், அதற்குச் சுமார் 140 கிலோ ஆக்சிஜன் தேவை. நம் ஊர் வெயிலில் 30 டிகிரி சூட்டில் ஒரு லிட்டர் தண்ணீரில் ஏழரை மில்லிகிராம் ஆக்சிஜன்தான் கரையும். வகுத்துப் பாருங்கள், 1.8 கோடி லிட்டருக்கு மேல் வரும். நாலரை ஏக்கர் குளம், இடுப்பளவுத் தண்ணீர், அதிலுள்ள மொத்த ஆக்சிஜன். ஒரே ஒரு கிலோவுக்கு. காற்றிலிருந்து மேலும் மேலும் கரைந்துகொண்டிருப்பதால்தான் ஏரிகள் தினமும் சாகாமல் இருக்கின்றன. அந்தக் காற்றையும் தாமரைப் போர்வை தடுத்துவிட்டால் கதை முடிந்தது.

இனி ஈரி ஏரிக்கு வருவோம். பெயரைப் பார்த்துச் சிரிக்காதீர்கள், ஏரியின் பெயரே ஈரி. அமெரிக்காவுக்கும் கனடாவுக்கும் நடுவில் இருக்கும் ஐந்து பேரேரிகளில் ஆழம் குறைந்தது இதுதான். பரப்பு கிட்டத்தட்ட 25,700 சதுர கிலோமீட்டர், நம் தமிழ்நாட்டில் ஐந்தில் ஒரு பங்கு. அவ்வளவு பெரிய ஏரியின் மேற்குப் பகுதியில் சராசரி ஆழம் ஏழு மீட்டர் சொச்சம்தான். ஆழம் குறைவு, சீக்கிரம் சூடாகும், சுற்றிலும் நகரங்கள், வயல்கள். பாசிக்கு இதைவிட நல்ல தொட்டி கிடைக்காது.

1960களில் டெட்ராய்ட், கிளீவ்லாந்து போன்ற ஊர்களின் சாக்கடை அதில்தான் போய் விழுந்தது. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு வந்த சலவைத்தூள்களில் பாஸ்பேட் ஏராளம், அதுவும் சேர்ந்துகொண்டது. கரையோரத்தில் பாசி மெத்தை மெத்தையாக ஒதுங்கி நாறியது, ஏரியின் நடுப்பகுதியில் கோடையில் அடித்தண்ணீரில் ஆக்சிஜனே இல்லை. "ஈரி செத்துவிட்டது" என்று பத்திரிகைகள் எழுதின. உண்மையில் அது சாகவில்லை, உயிர் அதிகமாகிப் போனதுதான் அதன் பிரச்சினை. 1969இல் குயஹோகா ஆறு தீப்பிடித்த கதையையும் இதோடு சேர்த்துச் சொல்வார்கள். அந்த ஆறு ஈரியில்தான் விழுகிறது என்றாலும் எரிந்தது எண்ணெய்க் கழிவு, அது வேறு வகை நோய்.

அப்போது ஒரு பெரிய சண்டை நடந்தது. சலவைத்தூள் தயாரிப்பாளர்கள் தரப்பு, "பாசிக்குக் காரணம் பாஸ்பேட் இல்லை, கார்பன்தான் கட்டுப்படுத்துகிறது, எங்களைக் குறை சொல்லாதீர்கள்" என்று வாதிட்டது. ஆய்வகக் குப்பிகளில் செய்த சோதனைகளைக் காட்டினார்கள். குப்பியில் அப்படித் தெரியும்தான், மூடிய குப்பிக்குள் காற்று வராதே. டேவிட் ஷிண்ட்லர் என்ற விஞ்ஞானியும் அவர் சகாக்களும் குப்பியை விட்டுவிட்டு ஒரு முழு ஏரியை எடுத்துக்கொண்டார்கள். கனடாவின் ஒன்டாரியோவில் ஆராய்ச்சிக்கென்றே ஒதுக்கிய ஏரிக்கூட்டம் ஒன்று இருக்கிறது, அங்கே ஏரிகளுக்குப் பெயர் இல்லை, நம்பர்தான். 226ஆம் நம்பர் ஏரி உடுக்கை போல நடுவில் ஒடுங்கியது. 1973இல் அந்த இடுப்பில் பிளாஸ்டிக் திரை கட்டி ஏரியை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதியில் கார்பனும் நைட்ரஜனும் போட்டார்கள். மறு பாதியில் அதே இரண்டோடு பாஸ்பரஸையும் சேர்த்துப் போட்டார்கள். கொஞ்ச காலத்தில் பாஸ்பரஸ் போட்ட பாதி பச்சை, மற்றது பழைய கருநீலம். விமானத்திலிருந்து எடுத்த அந்த ஒரு போட்டோ, நூறு அறிக்கைகள் செய்யாத வேலையைச் செய்தது. இந்தத் துறையில் இருப்பவர்கள் பலருக்கு இன்றும் குலதெய்வப் படம் மாதிரி அது.

இதற்கு முந்தைய வருடமே, 1972 ஏப்ரலில், இரு நாடுகளும் பேரேரிகளின் நீர்த்தரத்துக்காக ஒப்பந்தம் போட்டிருந்தன. சலவைத்தூளில் பாஸ்பேட்டைக் குறைக்கச் சட்டம் வந்தது, கனடா 1970லேயே ஆரம்பித்துவிட்டது. சாக்கடைச் சுத்திகரிப்பு நிலையங்களில் பாஸ்பரஸைப் படியவைத்துப் பிரித்தெடுக்கும் வேலையைச் சேர்த்தார்கள். டெட்ராய்ட் நிலையம் ஒன்றைத் திருத்தியதே பெரிய மாற்றம். ஆண்டுக்கு 20,000 டன்னுக்கு மேல் போய்க்கொண்டிருந்த பாஸ்பரஸை 11,000 டன்னுக்குக் கொண்டுவருவது என்று இலக்கு வைத்தார்கள், 1980களின் தொடக்கத்தில் அதைத் தொட்டும் விட்டார்கள். தண்ணீர் தெளிந்தது, மீன்பிடி திரும்பியது. நீங்கள் கேள்விப்பட்ட "செத்துப் பிழைத்த" கதை இதுவரைக்கும்தான்.

இதற்குப் பிறகு நடந்ததை யாரும் அவ்வளவாகச் சொல்வதில்லை. எனக்கு அதுதான் முக்கியம். 1990களின் நடுவிலிருந்து பச்சை திரும்ப ஆரம்பித்தது. 2011இல் சுமார் 5,000 சதுர கிலோமீட்டருக்குப் படர்ந்தது. குழாய் முனையை அடைத்தாயிற்று, பிறகு எங்கிருந்து வந்தது? ஈரியில் வந்து விழும் மௌமி ஆற்றிலிருந்து. அந்த ஆற்றின் படுகை முழுக்க மக்காச்சோளமும் சோயாவும். ஒரு காலத்தில் பெரிய சதுப்புக்காடாக இருந்த நிலம், 19ஆம் நூற்றாண்டில் வடித்து வயலாக்கினார்கள், மண்ணுக்கடியில் வடிகுழாய்களைப் பதித்துத் தண்ணீரைச் சீக்கிரம் ஆற்றுக்கு அனுப்பும் ஏற்பாடு. மண் அரிக்காமல் இருக்கட்டும் என்று உழாமல் பயிரிடும் முறைக்கு விவசாயிகள் மாறினார்கள். நல்ல எண்ணம்தான், அரசே ஊக்குவித்தது. ஆனால் உழாததால் மேலே தூவிய உரம் மேல்மண்ணிலேயே தங்கி, வசந்தகால மழையில் கரைந்து, அந்தக் குழாய்கள் வழியாக நேரே ஆற்றுக்குப் போனது. மண்ணோடு ஒட்டிப் போகும் பாஸ்பரஸ் குறைந்தது, தண்ணீரில் கரைந்து போகும் பாஸ்பரஸ் கூடியது. பாசிக்கு உடனே செரிப்பது இந்த இரண்டாவது வகை. போதாக்குறைக்கு 1980களின் கடைசியில் கப்பல்கள் வழியாக வந்து சேர்ந்த வரிக்குதிரைச் சிப்பி, நல்ல பாசியை வடிகட்டித் தின்றுவிட்டு நச்சுப்பாசியைத் துப்பிவிடும் பழக்கம் உள்ளது.

2014 ஆகஸ்ட் 2, சனிக்கிழமை விடிவதற்கு முன்னால், ஈரி ஏரிக்கரை ஊரான டொலிடோவில் ஓர் அறிவிப்பு வந்தது: குழாய்த் தண்ணீரைக் குடிக்காதீர்கள். கொதிக்கவைத்தும் குடிக்காதீர்கள். நாலு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களுக்கு மூன்று நாள் குடிதண்ணீர் இல்லை, கடைகளில் பாட்டில் தண்ணீர் காலியானது, ராணுவத்தின் துணைப்படை தண்ணீர் கொண்டுவந்தது. உலகத்தின் மேற்பரப்பு நன்னீரில் கணிசமான பங்கை வைத்திருக்கும் ஏரிகளில் ஒன்றின் கரையில் உட்கார்ந்துகொண்டு! காரணம் மைக்ரோசிஸ்டின், நீலப்பச்சைப் பாசி உண்டாக்கும் நஞ்சு, ஈரலைத் தாக்கக்கூடியது. கொதிக்கவைத்தால் அது அழியாது, தண்ணீர்தான் ஆவியாகும், நஞ்சு இன்னும் அடர்த்தியாகும். பாசியின் செல் உடைந்தால் நஞ்சு தண்ணீரில் கலந்துவிடும்.

இதை எதற்கு இவ்வளவு விரிவாகச் சொல்கிறேன் என்றால், உங்கள் ஊரில் யாராவது "மயில் துத்தம் போட்டால் பாசி செத்துவிடும்" என்று கிளம்புவார்கள். சாகும். ஒரே நாளில் எல்லாம் சேர்ந்து செத்து, உள்ளே இருக்கும் நஞ்சைக் கக்கி, மக்கும்போது ஆக்சிஜனையும் தின்று, மிச்ச மீனையும் கொண்டுபோகும். பாஸ்பரஸ் எங்கும் போகாது, அடுத்த பாசிக்குத் தயாராகக் காத்திருக்கும். செம்பு மட்டும் சேற்றில் கூடுதலாகச் சேர்ந்திருக்கும். அப்புறம், பச்சை ஆடை கட்டிய தண்ணீரில் மாடு, நாயை இறக்காதீர்கள். ஆஸ்திரேலியாவில் அலெக்ஸாண்ட்ரினா ஏரியில் பாசி ஆடையைக் குடித்து ஆடு மாடுகள் செத்ததைப் பற்றிய அறிவியல் குறிப்பு 1878இலேயே வெளிவந்திருக்கிறது. எல்லாப் பச்சையும் நஞ்சு இல்லை, ஆனால் கண்ணால் பார்த்து எது நஞ்சு என்று சொல்ல முடியாது. என்னாலும் முடியாது.

"தழைச்சத்தைப் பற்றிப் பேசவே இல்லையே" என்று யாராவது கேட்பீர்கள். நைட்ரஜன் அப்பாவி என்று நான் சொல்லவில்லை. அதன் அட்டகாசம் கடலிலும் கிணற்றிலும் அதிகம். கடல்நீரில் பெரும்பாலும் தட்டுப்பாடாக இருப்பது நைட்ரஜன்தான், அதனால்தான் மிசிசிப்பி ஆறு கொண்டுவரும் உரம் மெக்சிகோ வளைகுடாவில் ஒவ்வொரு கோடையிலும் ஆக்சிஜன் இல்லாத பரப்பை உண்டாக்குகிறது. 2017இல் அது சுமார் 22,700 சதுர கிலோமீட்டர். யாழ்ப்பாணத்தில் கதை வேறு மாதிரி. அங்கே வருடம் முழுக்க ஓடும் ஆறு கிடையாது, சுண்ணாம்புக்கல் நிலம், குடிக்கவும் பாய்ச்சவும் கிணறுதான். வெங்காயம், மிளகாய், புகையிலைத் தோட்டங்களுக்குப் போட்ட உரமும் மலசலக் குழிகளின் கசிவும் அந்தக் கல்லின் வெடிப்புகள் வழியாக இறங்கி, பல கிணறுகளில் நைட்ரேட் வரம்பைத் தாண்டியிருக்கிறது. கண்ணுக்குத் தெரியாது, மணக்காது, ருசிக்காது, கைக்குழந்தைக்குப் பால்மாவு கரைக்கும் தண்ணீரில் அது இருப்பதுதான் ஆபத்து. ஆனால் உரத்தை ஒரே நாளில் நிறுத்துவதும் வழி இல்லை. 2021இல் இலங்கையில் ரசாயன உர இறக்குமதியைத் திடீரென்று தடை செய்துவிட்டு, விளைச்சல் விழுந்து, அந்த வருடக் கடைசிக்குள்ளேயே பின்வாங்க வேண்டிவந்ததை அங்கே இருப்பவர்கள் என்னைவிட நன்றாகச் சொல்வார்கள்.

சரி, உங்கள் ஏரிக்குத் திரும்புவோம். ஈரியிலிருந்து உங்களுக்கு எடுத்துக்கொள்ள ஒன்று இருக்கிறது: உங்கள் பிரச்சினை ஏரிக்குள் இல்லை, ஏரிக்குத் தண்ணீர் கொண்டுவரும் வரத்துக்காலில் இருக்கிறது. ஏரியில் நின்றுகொண்டு போட்டோ எடுப்பது எளிது, அதனால் எல்லோரும் அங்கேயே நிற்கிறார்கள். ஒரு நாள் காலையில் நாலைந்து பேர் செருப்பைப் போட்டுக்கொண்டு வரத்துக்கால் வழியே மேலே நடந்து போங்கள். நல்ல கோடையில், மழை பெய்யாத மாதத்தில் போக வேண்டும். அந்த நேரத்தில் கால்வாயில் தண்ணீர் ஓடினால் அது ஆற்றுத் தண்ணீர் இல்லை, மழைத் தண்ணீர் இல்லை, எங்கிருந்து வருகிறது என்று சொல்லத் தேவையில்லை. எந்தெந்தச் சிறுபாலத்தில் குழாய் விட்டிருக்கிறார்கள், செப்டிக் டேங்க் லாரி ராத்திரி எங்கே நிற்கிறது, மண்டபத்துக் கழிவு எங்கே இறங்குகிறது என்று ஒரு நோட்டில் வரைந்துகொள்ளுங்கள். பத்து வாய்க்கால் இருந்தாலும் பெரும்பாலும் இரண்டு மூன்றுதான் முக்கால்வாசிக் கழிவையும் கொண்டுவரும். எடுத்த எடுப்பில் எல்லாவற்றையும் அடைக்கப் போனால் எதையும் அடைக்க மாட்டீர்கள்.

"எங்கள் ஊருக்குச் சுத்திகரிப்பு நிலையம் வரப்போகிறது, அப்புறம் சரியாகிவிடும்" என்று சிலர் நிம்மதியாக இருப்பார்கள். வரட்டும், நல்லது. ஆனால் வழக்கமான சுத்திகரிப்பு நிலையம் வடிவமைக்கப்படுவது அழுகும் பொருளை நீக்கத்தான். நாற்றம் போகும், தண்ணீர் தெளியும், பாஸ்பரஸில் பெரும்பகுதி கரைந்த நிலையில் அப்படியே வெளியே வரும். பார்க்கக் கண்ணாடி மாதிரி இருக்கும் அந்தத் தண்ணீரை ஏரியில் விட்டால் பாசிக்கு அது தெளிந்த ரசம். படிகாரமோ இரும்பு உப்போ சேர்த்துப் படியவைக்கும் கட்டம் இருக்கிறதா என்று திட்ட அறிக்கையில் கேளுங்கள். இல்லையென்றால் சுத்திகரித்த தண்ணீரை ஏரிக்கு விடாமல் நேரே பாசனத்துக்குக் கேளுங்கள், தென்னைக்கும் தீவனப்புல்லுக்கும் அந்தப் பாஸ்பரஸ் வரம். ஒரே பொருள்தான், வயலில் உரம், ஏரியில் கழிவு.

அடுத்தது சேறு. இதைச் சொல்லாமல் விட்டால் ஏமாற்றியவன் ஆவேன். நாளைக்கே வரத்தை முழுக்க அடைத்தாலும் உங்கள் ஏரி உடனே தெளியாது. இத்தனை வருடம் வந்த பாஸ்பரஸ் அடிச்சேற்றில் இரும்போடு ஒட்டிக்கொண்டு படுத்திருக்கிறது. அடித்தண்ணீரில் ஆக்சிஜன் இருக்கும்வரை அந்தப் பிடி நிற்கும், ஆக்சிஜன் போனதும் இரும்பு கைவிட்டுவிடும், பாஸ்பரஸ் மேலே வரும், பாசி வரும், பாசி மக்கும், ஆக்சிஜன் போகும், மறுபடி சேறு கக்கும். வெளியிலிருந்து ஒரு சொட்டு வராமலேயே ஏரி தன்னைத் தானே தின்றுகொண்டு பல வருடம் ஓட்டும். ஸ்வீடனில் வாக்ஷோ என்ற ஊரில் ட்ரும்மன் என்று ஓர் ஏரி, ஆழம் குறைந்தது, நம் ஏரிகள் மாதிரி. 1950களின் கடைசியில் அதற்குள் போன சாக்கடையைத் திருப்பிவிட்டார்கள். பத்து வருடம் பொறுத்துப் பார்த்தார்கள், ஏரி தேறவில்லை. 1970, 71இல் அடிச்சேற்றை ஒரு மீட்டர் அளவுக்கு உறிஞ்சி எடுத்தார்கள். அதற்குப் பிறகுதான் தண்ணீரில் பாஸ்பரஸ் சரிந்து, பாசி அடங்கியது. அமெரிக்காவின் வாஷிங்டன் ஏரியில் 1960களில் சாக்கடையைத் திருப்பியதும் சில வருடத்திலேயே தெளிந்தது. அது ஆழமான ஏரி, புதுத் தண்ணீர் வந்து பழையது வெளியேறும் வேகமும் நல்லது. எந்த ஏரியின் கதையை யார் உங்களிடம் சொன்னாலும், ஆழம் எவ்வளவு, கலங்கல் (ஏரி நிரம்பினால் உபரித் தண்ணீர் வெளியேறும் இடம்) வழிந்து எத்தனை வருடம் ஆயிற்று என்று முதலில் கேளுங்கள்.

வரிசையையும் கவனியுங்கள்: முதலில் சாக்கடை, அப்புறம்தான் சேறு. நம் ஊரில் தலைகீழாகச் செய்கிறோம், முதலில் பணத்தைப் போட்டுத் தூர்வாரிவிட்டு, சாக்கடையை "அடுத்த கட்டத்தில் பார்க்கலாம்" என்கிறோம். அடுத்த கட்டம் வருவதற்குள் தூர்ந்துவிடுகிறது.

நம்மவர்களுக்கு இது புதுசும் இல்லை. கோடையில் ஏரி வற்றியதும் வண்டி கட்டி வண்டல் அள்ளி வயலில் அடித்தார்களே, கரம்பை என்று சில ஊர்களில் சொல்வார்கள், அது வெறும் ஆழப்படுத்தும் வேலை இல்லை. மழை வயலிலிருந்து கொண்டுபோன சத்தை மறுபடி வயலுக்கே திருப்பிக் கொடுக்கும் வேலை. சத்து சுற்றிச் சுற்றி வந்தது. அந்தச் சுற்றை எப்போது விட்டோம் என்றால், மூட்டையில் டிஏபி என்கிற பாஸ்பேட் உரம் வரத் தொடங்கியபோது. இப்போது நம் வயலுக்கு வரும் பாஸ்பேட்டில் பெரும்பகுதி வெளிநாட்டுப் பாறை. உலகக் கையிருப்பில் ஏறத்தாழ 70 சதவீதம் மொராக்கோவிடம் இருக்கிறது. அங்கே தோண்டி, கப்பலில் ஏற்றி, மானியம் கொடுத்து வாங்கி, வயலில் போட்டு, கொஞ்சத்தை மழையிலும் கொஞ்சத்தைச் சாப்பாட்டு வழியாகச் சாக்கடையிலும் விட்டு, ஏரியில் சேர்த்துவைத்து, அதை அள்ளவும் காசு செலவழிக்கிறோம். இதைவிடக் கோமாளித்தனமான வியாபாரத்தை நான் கண்டதில்லை.

வண்டல் எடுக்க இப்போதும் விவசாயிகளுக்கு வழி இருக்கிறது, வட்டாட்சியர் அலுவலகத்தில் அனுமதி கேட்டால் கட்டணமில்லாமல் எடுக்கலாம். ஒரே ஒரு எச்சரிக்கை. தொழிற்சாலை, பட்டறை, சாயக் கழிவு எதுவும் வந்து சேர்ந்த ஏரி என்றால், அந்தச் சேற்றைப் பரிசோதிக்காமல் நெல்வயலில் போடாதீர்கள். ஈயமும் குரோமியமும் பாஸ்பரஸோடு சேர்ந்தே படுத்திருக்கும்.

நுண்ணுயிர்க் கரைசல் கொட்டேஷன். நான் கேட்கச் சொல்லும் கேள்வி ஒன்றுதான்: "கரைசல் ஊற்றியபின் பாஸ்பரஸ் எங்கே போகும்?" நைட்ரஜன் என்றால் சில பாக்டீரியாக்கள் அதை வாயுவாக்கிக் காற்றுக்கு அனுப்பிவிடும், அது உண்மை. நாற்றத்தையும் கொஞ்சம் குறைக்கலாம். ஆனால் பாஸ்பரஸ் ஒரு தனிமம், எந்த நுண்ணுயிரும் அதை இல்லாமல் ஆக்காது. பாசியிலிருந்து பாக்டீரியாவுக்கு, பாக்டீரியாவிலிருந்து சேற்றுக்கு, சேற்றிலிருந்து மறுபடி பாசிக்கு என்று கை மாறும், அவ்வளவுதான். ஏரியை விட்டு அது போக இரண்டே வழி: கலங்கல் வழியாக வழிந்து போக வேண்டும், அல்லது யாராவது அள்ளிக்கொண்டு போக வேண்டும். படிகாரம் போட்டுச் சேற்றோடு கட்டிப்போடுவது மூன்றாவது வழி போல, ஆனால் அது அள்ளுவது இல்லை, பூட்டுவது, வரத்து நிற்காத ஏரியில் பூட்டின் மேலேயே புதுச் சேறு படியும். மிதக்கும் தோட்டம் வைக்கலாமா என்றும் கேட்பார்கள். அழகாக இருக்கும், பறவை உட்காரும், கணக்கு மட்டும் தாமரைக் கணக்கேதான்.

ஒரு சோதனைக்கு அதிகம் செலவு ஆகாது. தண்ணீர் எடுத்துக்கொண்டு போய் மொத்த பாஸ்பரஸ் எவ்வளவு என்று பாருங்கள், வரத்துக்கால் ஒவ்வொன்றிலும் தனித்தனியாக, ஏரி நடுவில் ஒன்று. லிட்டருக்கு 0.1 மில்லிகிராமைத் தாண்டினாலே பாசிக்கு வயிறு நிரம்பும். சாக்கடை விழும் ஏரியில் ஒரு மில்லிகிராமுக்கு மேலே பார்த்தால் பதறாதீர்கள், நம் ஊரில் அது சாதாரணம். ஆக்சிஜனை விடிகாலை ஐந்தரைக்கு அளந்து பாருங்கள், மத்தியானம் அளந்த காகிதத்தைக் கிழித்துப் போடுங்கள். இந்த எண்களோடு பேரூராட்சிக்குப் போனால் பேச்சு வேறு மாதிரி இருக்கும், "ஏரி நாறுது சார்" என்று போவதைவிட.

கடைசியாக ஒன்று, இதை இந்த வாரமே செய்யலாம். போன தடவை அள்ளிய ஆகாயத்தாமரையை என்ன செய்தீர்கள் என்று எழுதவில்லை, ஆனால் எனக்குத் தெரிந்த ஊர்களில் எல்லாம் கரையிலேயே குவித்துவிட்டுப் போய்விடுவார்கள், லாரி வாடகை மிச்சம் என்று. அடுத்த மழையில் அந்தக் குவியல் அழுகி, சாறு முழுவதும் கரையிலிருந்து வழிந்து ஏரிக்கே திரும்பிவிடும். அள்ளிய அத்தனை பாஸ்பரஸும். இந்த முறையும் அள்ளத்தான் போகிறீர்கள், போகட்டும், மீனுக்குக் காற்றாவது கிடைக்கும். ஜேசிபிக்கு வைத்த பணத்தில் பாதியை டிப்பருக்கு வையுங்கள். ஏரியின் சரிவுக்கு மறுபக்கம், மழைத்தண்ணீர் திரும்பி வராத இடமாகப் பார்த்து, சாணியும் மண்ணும் கலந்து மக்கவிடுங்கள். தென்னந்தோப்புக்காரர்கள் யாராவது கேட்டு வருவார்கள்.